எதிர்த்தொட்டி

என் ஜீப்ரா தன் முதல் பெண்டாட்டியைக் கொன்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் எல்லோரும் அதே கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. சத்தமே இல்லை. மீன் தொட்டிக்குள் நடக்கிற கொலைக்குச் சத்தம் கிடையாது. அதுதான் அதில் மோசம். சட்னி ஊற்ற எழுந்த அக்கா தொட்டிப் பக்கம் பார்த்துவிட்டு, "டேய், உன் மீனு ஒண்ணு படுத்துக்கினு நீந்துதுடா" என்றாள். எச்சில் கையோடு ஓடினேன். பெண் மீன் ஒருக்களித்து மேலே மிதந்தது. வால் இருந்த இடத்தில் வெள்ளையாக முள் தெரிந்தது. ஜீப்ரா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, வாய் வைக்க இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பெண் மீனை அதைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டது.

ஜீப்ரா என்று நாங்கள் சொன்னது சிக்லிட் குடும்பத்து மீன் ஒன்றை. சாம்பல் உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள், ஆண் வளர்ந்தால் நெற்றி புடைத்துவிடும். எங்கோ நடு அமெரிக்காவில் பிறந்த சாதி. கப்பலேறி மெட்ராஸுக்கு வந்து, மூர் மார்க்கெட்டில் கண்ணாடி ஜாடிக்குள் உட்கார்ந்திருந்தது. நான் விலை கேட்பதற்குள் ஜாடிக்கு வெளியிலிருந்த என் விரலைக் கடிக்கப் பாய்ந்தது. அந்த நிமிஷமே பிடித்துப்போய் வாங்கிவிட்டேன்.

அப்போது நான் சிதம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கிக் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய ஊர்ப் பக்கம், கரையோரம் மீன் ஏலம் விடுகிறவர். ஒரு தடவை அக்கா வீட்டுக்கு வந்து தொட்டிகளைப் பார்த்தவர், "திங்காத மீனுக்கு எதுக்குடா சோறு?" என்று கேட்டார். பதில் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். அவர் பாதியிலேயே எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டார்.

என் பேச்சை முழுசாகக் கேட்டு முழுசாக மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள் மச்சான்தான். அக்கா புருஷன். ரயில்வேயில் பார்சல் கிளார்க். மீன் பைத்தியம் முதலில் அவருக்குத்தான் இருந்தது. எனக்கு அவரிடமிருந்து தொற்றியது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, விளிம்பில் தண்ணீர் கசியாமல் மக்குப் பசை வைத்து, மேலே தார் பூசித் தொட்டி செய்வதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். மக்கு காய்வதற்குள் தண்ணீர் ஊற்றிக் கூடத்தையே குளமாக்கியது மட்டும் என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அவர் குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாங்கள் கடற்கரைக்காரர்கள். அவரும் அக்காவும் யாரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். எங்கள் அப்பா ஒரு வருஷம் முகம் திருப்பிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு வந்து சேர்ந்தார். மச்சான் வீட்டில் அப்படி இல்லை. சொத்தில் பாகம் கேட்கக்கூட இல்லை, அம்மாவைப் பார்க்கத்தான் போனார். சொந்த அண்ணனே வரப்பில் தள்ளி மண்வெட்டிக் காம்பால் அடித்தார். வலது புருவத்தில் அந்தத் தழும்பு இருந்தது. அதற்குப் பிறகு அவர் குமராட்சி பஸ்ஸில் ஏறியதே இல்லை.

அப்படிப்பட்டவர், மீன் விஷயத்தில் மட்டும் கலப்பு என்ற சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடிப்பார்.

மச்சானிடம் ஒரு பயர்மவுத் இருந்தது. இதுவும் சிக்லிட்தான், ஜீப்ராவின் நாட்டிலிருந்தே வந்தது. தாடையிலிருந்து வயிறுவரை செங்கல் பொடி அப்பியது போலச் சிவப்பு. கோபம் வந்தால் செவுள்களை இரண்டு பக்கமும் விரித்துத் தொண்டையைக் கீழே இறக்கிக் காட்டும். முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு தீக்கங்கு திடீரென்று பெரிதானதுபோல் இருக்கும். ஜோடியாகத்தான் வாங்கி வந்தார். ஆண் ஒருநாள் மூடிப் பலகையின் சந்து வழியாகத் துள்ளிவிட்டது. கட்டிலுக்கு அடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மூர் மார்க்கெட் கடைக்காரன், அது எப்போதோ ஒரு தடவை வந்த சரக்கு, இனி வராது என்று கையை விரித்துவிட்டான். மிஞ்சியது பெண் மட்டும். எங்களுக்குத் தெரிந்தவரை இந்த ஜில்லாவிலேயே ஒன்றே ஒன்று. அக்கா அவளுக்கு செவப்பி என்று பெயர் வைத்திருந்தாள். அந்த வீட்டில் அவளை யாரும் 'அது' என்று சொன்னதில்லை.

"மச்சான், செவப்பிய என் ஜீப்ராவோட விடலாமா?" என்று நான் முதலில் கேட்டபோது அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"என்னாத்துக்கு? மூணாவதாக் கொல்றதுக்கா?"

"சேருதான்னு பாக்கலாம். குஞ்சு பொரிச்சா எப்படி இருக்கும்னு…"

"எப்படி வேணா இருக்கட்டும். பயர்மவுத்தா இருக்குமா?"

"பாதி இருக்கும்."

"பாதி மீனை வெச்சிக்கினு நான் இன்னாடா பண்றது, பாதிக் கொழம்பா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேளு மச்சான். அதுங்க மலடா இருந்தாக்கூடப் பரவால்ல. இருக்காது. ஜாஸ்தி குஞ்சு பொரிக்கும். நீ நாலு பேருக்குக் குடுப்ப, அவன் நாலு பேருக்குக் குடுப்பான். ரெண்டு தலைமுறை போனா கழுத்துல கொஞ்சம் செவப்பு இருக்கறதயெல்லாம் பயர்மவுத்தும்பானுங்க. அசல் எப்படி இருந்துச்சின்னு சொல்ல ஆள் இருக்காது. இன்னிக்கு ஆண் இல்ல. நாளைக்கு வரும். அதுவரிக்கும் அவ இருக்கணும்."

"மனுஷன் சேரலாம், மீன் சேரக் கூடாதா?" என்றேன். சொன்ன பிறகுதான் எங்கே கை வைத்துவிட்டேன் என்று தெரிந்தது.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மனுஷன் எல்லாம் ஒரே ஜாதி. அதனாலதான் உங்க அக்காவும் நானும் சேந்தோம், அதுல கலப்புன்னு ஒண்ணுமே இல்ல. இதுங்க ரெண்டும் நெசமாவே வேற வேற. வெலங்கியல் படிக்கிற, இதுகூடத் தெரியல?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இனம் இனமாகப் பிரிக்கிற அந்தக் கோட்டை யார் போட்டது, பாட்டிலுக்குள் செத்த மீனை வைத்துப் பார்த்த விஞ்ஞானிதானே என்று கேட்டிருக்கலாம். கத்தி அவர் கையில் இருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அச்சாபீஸ்காரர் வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் கூடுவோம். அவரிடம் பெரிய தொட்டியும் ஏஞ்சல் மீன்களும் இருந்தன. அதனால் பேச்சும் அவருடையதாகவே இருந்தது. காபி வந்தது. நான் சும்மா இருக்கமாட்டாமல் ஜீப்ராவையும் பயர்மவுத்தையும் கலக்கும் யோசனையைச் சொல்லிவிட்டேன்.

"கழுதையும் குதிரையும் சேந்தா கோவேறு கழுதை," என்றார் அச்சாபீஸ்காரர். "அதோட சரி. மேல ஒண்ணும் வெளங்காது."

"இது அப்படி இல்லீங்க," என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, பால்ல தண்ணி ஊத்தறவனுக்கும் உனக்கும் வித்தியாசம் இல்ல. ரெண்டும் கலப்படந்தான்." பிறகு மச்சானைப் பார்த்துச் சிரித்தார். "அவனச் சொல்லிக் குத்தமில்ல. உங்க வூட்ல எது வேணா எதோட வேணாலும் சேரும் போலக்கீது."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டார். மச்சான் காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்ததைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது அச்சாபீஸ்காரரின் மூக்குக் கண்ணாடி ஏஞ்சல் தொட்டிக்குள் முழுகிக்கொண்டிருந்ததை. அடி விழுந்த சத்தம் பிறகுதான் என் காதுக்கு வந்து சேர்ந்தது. அச்சாபீஸ்காரர் எழுந்து மச்சானின் சட்டையைப் பிடித்தார். நான் குறுக்கே போய் அவர் கையைக் கடித்தேன். கடித்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கைக்கு வேறு எதுவும் அகப்படவில்லை. நாற்காலிகள் சாய்ந்தன. எங்கள் இருவரையும் நாலைந்து பேர் சேர்ந்து தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஸ்டேஷனுக்கு நடந்தோம். மச்சான் சட்டையில் பட்டன் இல்லை. பாசஞ்சர் வண்டி கிளம்பி ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். "கடிச்சியாடா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரும் நானும் அவ்வளவு நெருக்கமாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. அந்தச் சிரிப்பு அடங்கியபோது சொன்னார்:

"செவப்பிய எடுத்துக்க. அந்தாளு மூஞ்சில அடிக்கறாப்போல செஞ்சி காட்டு."

என்னால் நம்ப முடியவில்லை.

"ஆனா ஒண்ணு. அவ எனக்கு முழுசாத் திரும்பி வரணும். ஒரு செதில் கொறையக் கூடாது. குஞ்சு பொரிச்சா, பொரிச்சிதுன்னு பாத்துட்டு, அத்தினியையும் ஜிலேபிக்குப் போட்டுடணும். ஒண்ணுகூட உயிரோட வூட்டத் தாண்டக் கூடாது. சரியா?"

"சரி மச்சான்," என்றேன். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜிலேபியைப் பற்றிச் சொல்லவேண்டும். குளத்திலும் வாய்க்காலிலும் கிடைக்கிற ஜிலேபிக் கெண்டைதான். அதுவும் இந்த சிக்லிட் குடும்பத்தில் சேர்ந்ததே. நான் குமராட்சி வாய்க்காலில் மண்புழு போட்டுப் பிடித்த ஒரு ஆணை, விளையாட்டாக ஜீப்ராவின் தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டியில் விட்டிருந்தோம். கரிக்கட்டை நிறம், உள்ளங்கை அகலம், எப்போதும் முறைத்த கண். ஜீப்ரா அதைக் கண்ட நாள் முதல் வேறு வேலை பார்க்கவில்லை. இரண்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மோதின. காலையில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்பதற்கு முன் டொக், டொக் என்று அது கேட்கும். ஜீப்ராவின் மேலுதடு வெளுத்துப் புண்ணாகிவிட்டது.

அப்போதுதான் மச்சான் ஒன்றைக் கவனித்தார். எதிர்த்தொட்டியில் ஜிலேபி இருக்கும்வரை ஜீப்ரா தன் தொட்டிக்குள் எதையும் கடிப்பதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு சின்னக் கெண்டையை உள்ளே விட்டோம், பத்திரமாக இருந்தது. ஜிலேபித் தொட்டியை நகர்த்தினோம். மறுநாள் கெண்டைக்குத் தலை மட்டும்தான் இருந்தது. "இவனுக்கு வெளிய ஒரு எதிரி இருக்கணும்டா," என்றார் மச்சான். "இல்லாட்டி வூட்ல இருக்கறவங்கதான் எதிரி."

அந்த நம்பிக்கையில்தான் செவப்பியை இறக்கினோம். முதலில் தொட்டிக்கு நடுவே ஒரு கண்ணாடி வைத்து இரண்டையும் பிரித்துவைத்தோம். ஜீப்ரா அவளைப் பார்த்துப் பாய்ந்தது. அவள் ஓடவில்லை. செவுளை விரித்துத் தொண்டையை இறக்கினாள். கூடம் முழுக்க விளக்கு எரிந்ததுபோல் இருந்தது. ஜீப்ரா ஒரு நிமிஷம் நின்றது. பிறகு உடம்பை ஆட்டிக் காட்டியது. சில நாள் கழித்து நடுக்கண்ணாடியை உருவினேன். மச்சான் வலையோடு பக்கத்தில் நின்றார். இரண்டு மீன்களும் வாயோடு வாய் கவ்வி இழுத்தன, உருண்டன, அவளுடைய செதில்கள் இரண்டு கழன்று மினுங்கிக்கொண்டே கீழே இறங்கின. "செதிலு!" என்று மச்சான் கத்தினார். அதற்குள் ஜிலேபி எதிர்த்தொட்டியில் முன்னால் வந்து நின்றுவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று விட்டன. சேர்ந்து திரும்பின. சேர்ந்து போய்க் கண்ணாடியில் முட்டின.

"ஜோடி ஆயிடுச்சி," என்றார் மச்சான், பிடிக்காத குரலில்.

உடைந்த மண்சட்டி ஓட்டுக்குள் அவள் முட்டையிட்டாள். குஞ்சுகள் பொரித்து, பிறகு தலையை நிமிர்த்தி ஒரு தூசிமேகம்போலத் தொட்டிக்குள் நகரத் தொடங்கின. முன்னால் செவப்பி, பின்னால் ஜீப்ரா. யாராவது விரலை நீட்டினால் இரண்டும் பாயும். நான் தெருவுக்கே தம்பட்டம் அடித்தேன். மச்சான் குஞ்சுகளைப் பார்க்க வருவதில்லை; செவப்பியை மட்டும் வந்து பார்ப்பார். "அத்தினியும் பெருசாறதுக்குள்ள போட்டுடு," என்று நினைவுபடுத்துவார். "இன்னும் கொஞ்ச நாள் மச்சான், தாய்கிட்டேருந்து பிரிச்சா அவளுக்கு நல்லதில்ல," என்று நான் தள்ளிக்கொண்டே போனேன்.

தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். "யம்மாடி, எத்தினி! கண்ணே படும் போலக்கீதே!" என்று ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு அது சுருக்கென்றிருக்க வேண்டும். அவளுக்குக் கைக்குழந்தை. குழந்தையின் கன்னத்திலும் உள்ளங்காலிலும் மை வைக்காமல் அவள் யாரிடமும் காட்டமாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கடலூர் போகவேண்டியிருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல், ஏலத்துக்குக் கூட நிற்க ஆள் வேண்டும். மச்சானுக்கு மழையில் ரயில்கள் தாமதமானதால் தொடர்ந்து டியூட்டி. ஐப்பசி மழை அப்போதே பிடித்துவிட்டது. கொள்ளிடம் கரைமீறிக் குமராட்சிப் பாதை மூழ்கிவிட்டதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை மாலை நான் நனைந்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தபோது தொட்டியைக் காணவில்லை. அதாவது, இருந்தது. நாலு பக்கமும் பழைய செய்தித்தாள் கஞ்சி தடவி ஒட்டியிருந்தது. முன்பக்கம் காகிதத்தின்மேல் அடுப்புக்கரியால் ஒரு பெரிய பொட்டு.

"என்னாக்கா இது?"

"திருஷ்டிக்குடா. பொரிச்ச எடத்துல இத்தினி கண்ணு படலாமா? என் புள்ளைக்கு நான் மை வெக்கறேன், அதுங்களுக்கு யாரு வெப்பா?" குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "எல்லாத்தவிட அந்த ஜிலேபி கண்ணுதான்டா பொல்லாத கண்ணு. எந்நேரமும் குஞ்சுங்களையே மொறைச்சிக்கினு நிக்குது. அதான் அந்தப் பக்கம் ரெண்டு மடிப்பா ஒட்டுனேன்."

எதிரில் ஜிலேபி எதற்காக இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை, மச்சானும் சொல்லவில்லை. எங்களுக்கு அது கண்கூடாகத் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

காகிதத்தைக் கிழித்தேன். தண்ணீர் கலங்கியிருந்தது. ஜீப்ரா ஒரு மூலையை நோக்கி நின்றது. அந்த மூலையில், தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தன்னைச் செருகிக்கொண்டு செவப்பி இருந்தாள். வால் இல்லை. மேல் துடுப்பு கிழிந்து நூல்நூலாகத் தொங்கியது. ஒரு கண் இருந்த இடம் குழியாக இருந்தது. என் எதிரிலேயே ஜீப்ரா இன்னொரு தடவை பாய்ந்து வயிற்றில் கவ்வி உலுக்கியது. அவள் அப்போதும் செவுளை விரித்தாள். ஒரு பக்கம் மட்டுமே விரிந்தது.

கையை விட்டு அவளை அள்ளினேன். ஜீப்ரா என் விரல் நுனியைக் கடித்துத் தொங்கிக்கொண்டே மேலே வந்து விழுந்தது. அலுமினியச் சட்டியில் தண்ணீர் எடுத்து அவளை விட்டேன். அவள் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

மச்சான் வந்தது அப்போதுதான். தோளில் நனைந்த சாக்கு. சட்டியைப் பார்த்தார், கீழே கிடந்த காகிதத்தைப் பார்த்தார்.

"யாரு ஒட்டுனது?"

"நான்தாங்க," என்றாள் அக்கா. "திருஷ்டி…"

அவர் கை உயர்ந்தது. அது அக்கா மேல் விழப்போனதா, தன் தலையிலேயே அடித்துக்கொள்ளத்தானா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அப்போது தெரியும் என்று நினைத்தேன். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. நான் தலையால் அவர் மார்பில் முட்டினேன்.

"எங்கக்கா மேல கை வெப்பியா?"

"நீதான்டா கொன்ன! ஒரு செதில் கொறையக் கூடாதுன்னேனே!"

என் வாயில் ஒரு குத்து விழுந்தது. பல் உதட்டைக் கிழித்தது. நான் அவர் தொண்டையைப் பிடித்தேன். இருவரும் சுவரில் மோதி, பெஞ்சில் மோதினோம். பெஞ்சு ஒரு கால் மடங்கிச் சாய்ந்தது. ஜிலேபித் தொட்டி சரிந்து தரையில் விழுந்து வெடித்தது. கண்ணாடியும் தண்ணீரும் ஜிலேபியும் கூடம் முழுக்கப் பரவின. நாங்கள் நிறுத்தவில்லை. ஈரத்தில் வழுக்கி விழுந்து அதிலேயே உருண்டோம். என் முழங்கைக்குக் கீழே ஏதோ சூடாக ஓடியது. அவர் பழைய புருவத் தழும்பு மறுபடி திறந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டே என்னை அடித்தார். குழந்தை வீறிட்டது.

"அடிங்க! நல்லா அடிங்க!" என்று அக்கா கத்தினாள். "ரெண்டு பேரும் செத்துத் தொலைங்க, நான் எம்புள்ளையத் தூக்கிக்கினு ஓ.டி.க்குப் போறேன்!" கையில் கிடைத்த பித்தளைச் சொம்பால் எங்கள் இருவர் முதுகிலும் மாறி மாறி வைத்தாள். அதற்குப் பிறகுதான் விட்டோம்.

ஜிலேபி கண்ணாடித் துண்டுகள் நடுவே கிடந்தது. துள்ளித் துள்ளித் தன்னையே அறுத்துக்கொண்டிருந்தது. நான் எடுக்கப்போனபோது முள்ளைச் சிலிர்த்து என் கையைக் குத்திவிட்டு அசையாமல் போனது.

செவப்பி அன்று இரவே போய்விட்டாள். மச்சான் சட்டிக்குப் பக்கத்தில் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். மழையில் எங்கே புதைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சல்லடையை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனேன். உதடு வீங்கியிருந்தது. "சொன்ன சொல்லு," என்றேன். "குஞ்சுங்கள ஜிலேபிக்குப் போட்டுடறேன்."

அவர் தரையில் கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எந்த ஜிலேபிக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

தாய் இல்லாத குஞ்சுகளை ஜீப்ரா அன்று ஒருநாள் ஒழுங்காகத்தான் காத்தது. அதற்கடுத்த நாள் மதியம் ஓரமாக வந்த ஒரு குஞ்சை வாயில் எடுத்தது, துப்பவில்லை. பிறகு இன்னொன்று. நான் தொட்டியை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். தனியாகப் பிரிக்க வேறு தொட்டி இல்லை, ஜிலேபித் தொட்டியும் போய்விட்டது. இன்னொரு ஜிலேபி பிடிக்கலாம் என்றால் ஊரைச் சுற்றி வெள்ளம்.

அக்கா குழந்தையோடு என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். குழந்தை தவழ்கிற வயசு. முன்னால் சாய்ந்து மூக்கைக் கண்ணாடியில் அழுத்தியது. ஜீப்ரா சட்டென்று திரும்பியது. பட்டைகள் கறுத்தன. குழந்தையின் மூக்கை நோக்கி வந்து டொக்கென்று முட்டியது. குழந்தை சிரித்தது. மறுபடி முட்டியது. அதன் பின்னால், சிதறிக் கிடந்த குஞ்சுகள் ஒன்றுகூடி மேகமாயின.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள்: "இன்னாங்க, வாங்க இங்க! வந்து இதுங்கிட்ட மூஞ்சியக் குடுங்க! எம்புள்ளைய எந்நேரமும் வெச்சிக்கினு நிக்க முடியாது!"

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் டியூட்டிக்குப் போகுமுன் மச்சான் தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து முகத்தைக் கண்ணாடியோடு வைத்துக்கொள்வார். மாலையில் கல்லூரி விட்டு வந்து நான் உட்காருவேன். நடுவில் அக்கா ரசத்துக்குப் புளி கரைக்கும் கிண்ணத்தோடு வந்து, "இன்னாடா பாக்கற, பேமானி மீனே!" என்று திட்டிவிட்டுப் போவாள். இரவுக்கு என் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாத்தி வைத்தோம். விளக்கு இருக்கும்வரை அது தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். முக்காலியில் இடம் மாறும்போது ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்காருவோம், அவ்வளவுதான். ஜீப்ரா எங்கள் இருவரையும் ஒரே மாதிரி வெறுத்தது. கண்ணுக்கு நேராக அது பாய்ந்து வரும்போது, நடுவில் கண்ணாடி இருக்கிறது என்று தெரிந்தும், கடைசிவரை என்னால் இமைக்காமல் இருக்க முடிந்ததில்லை. மச்சான் இமைக்கவில்லை. தையல் போட்ட புருவத்தை அதன் உதட்டுக்கு நேராக வைத்துக்கொண்டிருப்பார்.

அச்சாபீஸ்காரர் எங்கிருந்தோ கேள்விப்பட்டுச் சமாதானமாக ஆள் அனுப்பினார். பழசை மறந்துவிடலாம், கலப்புக் குஞ்சு இரண்டு கிடைக்குமா என்று கேட்டாராம். வந்தவரை மச்சான் வாசற்படியிலேயே நிறுத்தினார். "குஞ்சா? எங்க வூட்ல மீனே இல்ல," என்றார். உள்ளே டொக், டொக் என்று சத்தம் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவர் மச்சானின் கையைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

மழை விட்டது. தண்ணீர் வடிந்தது. மார்கழியில் எந்த வாய்க்காலில் தூண்டில் போட்டாலும் ஜிலேபி கிடைத்திருக்கும். நான் போகவில்லை. அவரும் போ என்று சொல்லவில்லை.

குஞ்சுகள் விரல் நகம் அளவு வளர்ந்திருந்தன. ஒன்றையொன்று கடித்துத் தங்களுக்குள் ஏற்கனவே குறைந்திருந்தன. சிலவற்றுக்குத் துடுப்பில் பாதி இல்லை. பட்டைகள் அப்பனைப்போல. மச்சான் ஒவ்வொன்றின் கழுத்தையும் உற்றுப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் வந்தால் பார்வையை மாற்றிக்கொள்வார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு காலை. நான் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் முக்காலியில் இருந்தார். ஜீப்ரா வழக்கம்போல அவர் முகத்தில் முட்டிவிட்டுப் பின்வாங்கியது. அப்போது அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு குஞ்சு தனியாக முன்னால் வந்தது. அவர் கண்ணுக்கு நேராக நின்றது. இரண்டு செவுளையும் விரித்துத் தொண்டையைக் கீழே இறக்கியது.

நான் ஒரு செருப்போடு அப்படியே நின்றேன். "செவப்பா மச்சான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். குஞ்சு செவுளை மூடவில்லை.

"இல்ல," என்றார். "காவி மாதிரி இருக்கு. அழுக்குக் காவி." கொஞ்சம் பொறுத்து, "அவளோடது இல்ல இது," என்றார்.

முகத்தை மட்டும் எடுக்கவில்லை. குஞ்சு பாய்ந்து அவர் புருவத்துக்கு நேராகக் கண்ணாடியில் முட்டியது. சத்தம் வரும் அளவுக்கு அதற்கு இன்னும் எடை இல்லை.